ஜாவா பிராஜெக்டை இன்டெல்லிஜே ஐடியாவில் முறையாக அமைப்பது எப்படி?

ஜாவா கற்கத் தொடங்குபவர்களில் பலர் நிரலின் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே சோர்ந்துவிடுகிறார்கள். எதை நிறுவுவது, எந்தப் பதிப்பைத் தேர்வது, ஐடிஇ (நிரல் எழுத உதவும் மென்பொருள்) காட்டும் சிவப்புக் கோடுகளுக்கு என்ன காரணம் என்று எதுவும் விளங்காமல் இணையத்தில் கிடைக்கும் தீர்வுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிப் பார்ப்பதிலேயே அவர்களுடைய ஆர்வம் தீர்ந்துபோகிறது. இது தவிர்க்கக்கூடிய துன்பம். தொடக்கத்தில் ஒரு மணி நேரம் செலவிட்டு, ஒவ்வொரு படியிலும் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டு அமைத்துவிட்டால், பின்னர் மாதக்கணக்கில் அந்தப் பக்கம் திரும்ப வேண்டிய தேவையே வராது.

இந்த வழிகாட்டியில், ஒரு தமிழ்ச் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று எண்ணிச் சொல்லும் சிறிய நிரலை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, ஜேடிகே (ஜாவா உருவாக்கத் தொகுப்பு) நிறுவுவது முதல் வேறொரு கணினியிலும் இயங்கக்கூடிய பிராஜெக்டாக அதைச் சேமிப்பது வரை பார்ப்போம். மெனுப் பெயர்களையும் கட்டளைகளையும் ஒலிப்படி தமிழில் தருகிறேன். திரையில் அவை ஆங்கில எழுத்துகளில் இருக்கும், நீங்களும் அவ்வாறே தட்டச்சிட வேண்டும். விசைச் சுருக்கங்கள் விண்டோஸ், லினக்ஸ் ஆகியவற்றுக்கு உரியவை.

எந்த ஐடிஇ?

எக்லிப்ஸ், நெட்பீன்ஸ், இன்டெல்லிஜே ஐடியா ஆகிய மூன்றும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருப்பவை. எக்லிப்ஸ் ஐபிஎம் நிறுவனத்தில் தொடங்கி 2001இல் திறந்த மூலமாக வெளியானது. நெட்பீன்ஸ் இப்போது அப்பாச்சி அறக்கட்டளையின் பராமரிப்பில் உள்ளது. இன்டெல்லிஜே ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் படைப்பு. விஷுவல் ஸ்டுடியோ கோடில் ஜாவா நீட்சிகளைச் சேர்த்துப் பயன்படுத்துவோரும் உண்டு. கல்லூரியிலோ அலுவலகத்திலோ எக்லிப்ஸ்தான் என்று சொல்லிவிட்டால் தயங்காமல் அதையே பின்பற்றுங்கள், ஏனெனில் கீழே வரும் கருத்துகளில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். தேர்வு உங்கள் கையில் இருந்தால் இன்டெல்லிஜேயைப் பரிந்துரைக்கிறேன்: பிழை எங்கே என்பதோடு எப்படிச் சரிசெய்வது என்பதையும் அது தெளிவாகச் சொல்கிறது. முன்பு கம்யூனிட்டி, அல்டிமேட் என்று இரண்டு தனித்தனி நிறுவல்களாகக் கிடைத்தது 2025.3 பதிப்பில் ஒன்றாக்கப்பட்டுவிட்டது. கட்டணம் செலுத்தாமலேயே ஜாவா கற்கத் தேவையான அனைத்தும் அதில் கிடைக்கும்.

ஜேடிகே: முதலில் தெளிவாக வேண்டிய பொருள்

ஐடிஇ என்பது எழுதவும் தேடவும் பிழை கண்டறியவும் உதவும் கருவிதான். உங்கள் நிரலைத் தொகுத்து (கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றி) இயக்குவது ஜேடிகே எனப்படும் ஜாவா உருவாக்கத் தொகுப்பு. ஜாவாவின் புதிய பதிப்பு ஆறு மாதத்துக்கு ஒன்றாக, மார்ச்சிலும் செப்டம்பரிலும் வெளியாகிறது. அவற்றுள் சில பதிப்புகளுக்கு மட்டும் நீண்ட காலத் திருத்தங்கள் கிடைக்கும். 8, 11, 17, 21, 25 ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. புதிதாகத் தொடங்குபவர் 21 அல்லது 25ஐத் தேர்வது நல்லது. பழைய பாடநூல் 8ஐக் கேட்கிறது என்பதற்காக 8ஐ நிறுவ வேண்டாம். அந்தப் பாடநூலில் உள்ள எளிய எடுத்துக்காட்டுகள் அனேகமாக எல்லாமே 21இலும் மாற்றமின்றி இயங்கும்.

ஒரே ஜாவாவை ஆரக்கிள், அமேசான், மைக்ரோசாஃப்ட், அசுல் எனப் பல நிறுவனங்கள் தத்தம் பெயரில் வழங்குவது புதியவர்களைக் குழப்பும். இவை அனைத்துக்கும் அடிப்படை ஓபன்ஜேடிகே என்ற ஒரே திறந்த மூலம்தான். எக்லிப்ஸ் டெமுரின் என்ற வெளியீடு இலவசம், மூன்று இயங்குதளங்களுக்கும் கிடைக்கிறது; வேறு காரணம் இல்லையென்றால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

டெமுரினின் விண்டோஸ் நிறுவியை இயக்கும்போது "ஜாவா ஹோம்" என்ற சூழல் மாறியை (நிரல்கள் படிக்கும்படி இயங்குதளம் வைத்திருக்கும் ஓர் அமைப்பை) அமைக்கும் விருப்பம் ஒன்று வரும். அது அணைந்திருந்தால் இயக்கிவிடுங்கள். நிறுவி முடித்ததும் புதிதாக ஒரு டெர்மினலை (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரம்) திறந்து, "ஜாவா -வெர்ஷன்" என்றும், அடுத்து "ஜாவாசி -வெர்ஷன்" என்றும் கட்டளையிட்டுப் பாருங்கள். முன்பே திறந்து வைத்திருந்த டெர்மினலுக்கு இந்த மாற்றம் தெரியாது என்பதால்தான் புதிதாகத் திறக்கச் சொல்கிறேன். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால் இந்தப் படி முடிந்தது. முதலாவது 8 என்றும் இரண்டாவது 21 என்றும் காட்டினால், கணினியில் பழைய ஜாவா ஒன்று எஞ்சியிருக்கிறது என்று பொருள்; "பாத்" என்ற சூழல் மாறியில் அதன் இருப்பிடம் முன்னால் நிற்கிறது. பழையதை நீக்கிவிட்டு அல்லது புதியதை மேலே நகர்த்திவிட்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

புதிய பிராஜெக்ட்

இன்டெல்லிஜேயின் வரவேற்புத் திரையில் "நியூ பிராஜெக்ட்" என்பதை அழுத்தி, இடப்புறப் பட்டியலில் "ஜாவா"வைத் தேர்ந்தெடுங்கள். வலப்புறம் வரும் படிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்விளைவு உண்டு. எனவே அவசரப்பட்டு "கிரியேட்" பொத்தானை அழுத்தாமல் நிதானமாக நிரப்புவது நல்லது.

பெயராக "எழுத்தெண்ணி" என்பதை ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் கொடுங்கள். இருப்பிடம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: விண்டோஸில் டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் ஆகிய கோப்புறைகள் பல கணினிகளில் ஒன்டிரைவோடு இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை தொகுக்கும்போதும் உருவாகும் கோப்புகளை ஒன்டிரைவ் மேகத்துக்கு அனுப்பத் தொடங்கினால் கணினி மெதுவாகும், சில நேரங்களில் கோப்பு பூட்டப்பட்டு நிரல் தொகுக்கப்படாமலும் போகும். ஆகவே உங்கள் பயனர் கோப்புறைக்குள் நேரடியாக "பிராஜெக்ட்ஸ்" என்று ஒரு கோப்புறையை உருவாக்கி அதற்குள் வையுங்கள். "கிரியேட் கிட் ரெபாசிட்டரி" என்ற பெட்டியையும் இப்போதே குறித்துவிடலாம் (கிட் என்பது நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவி, ரெபாசிட்டரி அந்தப் பதிவுகளின் களஞ்சியம்).

அடுத்து வரும் "பில்ட் சிஸ்டம்" என்ற வரிதான் இந்தப் படிவத்தில் மிக முக்கியமானது; பிராஜெக்டைத் தொகுத்துத் தரும் கருவியை அது தேர்வுசெய்கிறது. இன்டெல்லிஜே, மேவன், கிரேடில் என்ற மூன்று தேர்வுகள் இருக்கும். முதலாவதைத் தேர்ந்தால் பிராஜெக்டின் அமைப்பு முழுவதும் ஐடிஇயின் உள் கோப்புகளில் மட்டுமே பதிவாகும்; எக்லிப்ஸ் வைத்திருக்கும் நண்பருக்கோ, ஐடிஇயே இல்லாத சர்வருக்கோ அதைக் கொடுத்தால் அங்கே நேரடியாக ஒன்றும் செய்ய முடியாது. மேவனைத் தேர்ந்தால், எந்த ஜாவா பதிப்பு, எந்தெந்த நூலகங்கள் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்கள்), எந்தக் குறியாக்கம் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) என்ற விவரங்கள் எல்லாம் "பாம்" எனப்படும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதப்படும். எந்த ஐடிஇயும் அதைப் படித்துப் பிராஜெக்டைத் திறக்கும். பலரும் சிறிய பயிற்சிதானே என்று முதல் தேர்வை விட்டுவிடுகிறார்கள். ஆனால் முதல் வெளி நூலகத்தைச் சேர்க்க வேண்டிய நாளிலேயே அது சிக்கலாகிறது. மேவனையே தேர்ந்தெடுங்கள். கிரேடிலும் சிறந்ததுதான், ஆனால் அதன் அமைப்புக் கோப்பே ஒரு நிரல் என்பதால், ஜாவாவோடு சேர்த்து அதையும் கற்க வேண்டிய சுமை புதியவருக்கு வேண்டாம்.

"ஜேடிகே" என்ற கட்டத்தில் நீங்கள் நிறுவியதே பெரும்பாலும் தானாக வந்து நிற்கும். வராவிட்டால் "ஆட் ஜேடிகே ஃப்ரம் டிஸ்க்" மூலம் நிறுவிய கோப்புறையைக் காட்டுங்கள். "டவுன்லோட் ஜேடிகே" என்ற வசதியும் உண்டு, அதன் விளைவைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன். "அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்" பகுதியில் குரூப் ஐடி, ஆர்ட்டிஃபாக்ட் ஐடி என்று இரண்டு பெயர்கள் கேட்கப்படும். முதலாவது உங்கள் நிறுவனத்தின் இணைய முகவரியைத் திருப்பிப் போட்டது போன்ற பெயர், பயிற்சிக்கு, தானாக வரும் "ஓஆர்ஜி.எக்ஸாம்பிள்" போதும். இரண்டாவது பிராஜெக்டின் பெயர். இப்போது "கிரியேட்".

திரையின் அடியில் ஒரு முன்னேற்றப் பட்டை நகரத் தொடங்கும். ஜேடிகேயையும் நூலகங்களையும் ஐடிஇ படித்து அட்டவணையிடுகிறது, மேவனும் தனக்குத் தேவையான கோப்புகளை மேவன் சென்ட்ரல் என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து இறக்கி, உங்கள் பயனர் கோப்புறையில் ".எம்2" என்ற இடத்தில் சேமிக்கிறது. இது முடியும்வரை சிவப்புக் கோடுகள் தோன்றினால் பொருட்படுத்த வேண்டாம். கல்லூரி அல்லது அலுவலக வலையமைப்பில் பிராக்சி (இணையத்துக்கு இடைநிலையாக நிற்கும் சர்வர்) இருந்தால் இந்தப் பதிவிறக்கம் இங்கேயே நின்றுவிடலாம். ஐடிஇயின் பிராக்சி அமைப்பை மட்டும் மாற்றிவிட்டு ஏன் சரியாகவில்லை என்று திகைக்க வேண்டாம். டெர்மினலில் இயங்கும் மேவன் தனக்கான பிராக்சி விவரத்தை அதே ".எம்2" கோப்புறையில் உள்ள "செட்டிங்ஸ்" எக்ஸ்எம்எல் கோப்பில்தான் தேடும்.

கோப்புறைகளும் பாம் கோப்பும்

இடப்புறம் தெரியும் மர அமைப்பில் "எஸ்ஆர்சி" என்ற கோப்புறைக்குள் "மெயின்", "டெஸ்ட்" என்று இரண்டு கிளைகள் இருக்கும். மெயினுக்குள் உள்ள "ஜாவா"வில் நிரலும், "ரிசோர்சஸ்"இல் நிரல் படிக்க வேண்டிய தரவுக் கோப்புகளும், டெஸ்டுக்குள் உள்ள "ஜாவா"வில் சோதனைகளும் இடம்பெறும். தொகுத்தபின் "டார்கெட்" என்று இன்னொன்று தோன்றும். அதில் இருப்பவை அனைத்தும் திரும்ப உருவாக்கக்கூடியவை, எனவே எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம். இந்த அமைப்பை மாற்ற முயல வேண்டாம். உலகெங்கும் உள்ள மேவன் பிராஜெக்டுகள் இதே வடிவில் இருப்பதால்தான் முன்பின் பார்த்திராத நிரலையும் திறந்தவுடன் எது எங்கே என்று நம்மால் சொல்ல முடிகிறது.

பாம் கோப்பைத் திறந்தால் "பிராப்பர்ட்டீஸ்" என்ற பகுதியில் மூன்று வரிகள் இருக்கும்: மேவன்.கம்பைலர்.சோர்ஸ், மேவன்.கம்பைலர்.டார்கெட், குறியாக்கத்தை யுடிஎஃப்-8 என்று சொல்லும் வரி. முதல் இரண்டையும் நீக்கிவிட்டு, அவற்றுக்குப் பதிலாக மேவன்.கம்பைலர்.ரிலீஸ் என்ற ஒரே வரியில் 21 என்று எழுதுங்கள். சோர்ஸும் டார்கெட்டும் மொழியின் இலக்கணத்தையும் வெளியாகும் கோப்பின் வடிவத்தையும் மட்டுமே கட்டுப்படுத்தும். 8க்காகத் தொகுக்கிறோம் என்று அவற்றில் எழுதிவிட்டு, ஜாவா 11இல்தான் வந்த "ஈஸ்பிளாங்க்" மெத்தடை (பெயரிட்ட செயல்பாடு) பயன்படுத்தினாலும், ஜேடிகே 17 அதைத் தடுக்காது. நிரல் தொகுக்கப்படும், உண்மையான ஜாவா 8இல் இயக்கும்போதுதான் உடையும். ரிலீஸ் என்ற வரி இதைத் தொகுக்கும் நேரத்திலேயே பிடித்துவிடும். கோப்பை மாற்றியதும் மூலையில் ஒரு சிறிய மேவன் சின்னம் தோன்றும். அதை அழுத்தினால்தான் ஐடிஇ மாற்றத்தை ஏற்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தினாலும் அதே வேலை நடக்கும்.

ஒரு கணினியில் பல ஜாவாக்கள்

புதியவர்களை மிக அதிகமாக அலைக்கழிப்பது இந்தப் பகுதி, ஆகையால் இங்கே சற்று நிற்க வேண்டும். இன்டெல்லிஜே தானே ஒரு ஜாவா மென்பொருள். தான் இயங்குவதற்கான ஜாவாவைத் தன்னுடனேயே கொண்டுவருகிறது. அதற்கும் உங்கள் பிராஜெக்டுக்கும் தொடர்பில்லை. உங்கள் பிராஜெக்ட் பயன்படுத்தும் ஜேடிகே, "ஃபைல்" மெனுவில் "பிராஜெக்ட் ஸ்ட்ரக்சர்" என்ற இடத்தில் குறிக்கப்படுகிறது. மேவன் கட்டளைகளை ஐடிஇ எந்த ஜேடிகே கொண்டு இயக்க வேண்டும் என்பது அமைப்புகளில் "பில்ட் டூல்ஸ்", "மேவன்", "ரன்னர்" என்று போனால் தனியே இருக்கும். இவை மூன்றையும் விட்டு, டெர்மினலில் நீங்கள் தட்டும் கட்டளை ஜாவா ஹோம், பாத் ஆகிய மாறிகளைப் பார்த்து நான்காவது ஒன்றைத் தேர்கிறது.

நான்கும் ஒரே பதிப்பாக இருந்தால் எந்தக் குழப்பமும் எழாது. மாறுபட்டால் பிழைச் செய்தி வரும். அதைப் படிக்கத் தெரிந்தால் காரணம் உடனே பிடிபடும். "அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்" என்று தொடங்கும் செய்தியில் 65.0, 61.0 போன்ற எண்கள் இருக்கும். அந்த எண்ணிலிருந்து 44ஐக் கழித்தால் ஜாவா பதிப்பு கிடைக்கும்: 65 என்பது 21, 61 என்பது 17, 52 என்பது 8. ஆக அந்தச் செய்தி சொல்வது, 21ஆல் தொகுக்கப்பட்ட நிரலை 17ஐக் கொண்டு இயக்கப் பார்க்கிறீர்கள் என்பதே. இதற்கு நேர்மாறாக, "ரிலீஸ் வெர்ஷன் 21 நாட் சப்போர்ட்டட்" என்று வந்தால், பாம் கோப்பு 21ஐக் கேட்கிறது, மேவனுக்குக் கிடைத்த ஜேடிகே அதைவிடப் பழையது என்று பொருள். முதல் வகையில் இயக்கும் இடத்தையும், இரண்டாம் வகையில் தொகுக்கும் இடத்தையும் சரிபார்க்க வேண்டும்.

முன்பு சொல்லாமல் விட்ட "டவுன்லோட் ஜேடிகே" வசதியின் விளைவும் இதுதான். ஐடிஇ இறக்கும் ஜேடிகே, விண்டோஸிலும் லினக்ஸிலும் பயனர் கோப்புறைக்குள் ".ஜேடிகேஎஸ்" என்ற இடத்தில் அமரும், ஆனால் ஜாவா ஹோம் மாறியோ பாத்தோ மாறாது. அதனால் ஐடிஇக்குள் எல்லாம் இயங்கும், டெர்மினலில் மட்டும் ஜாவா என்ற கட்டளையே இல்லை என்று வரும். தவறான வசதி என்று சொல்லவில்லை. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

நிரலும் தமிழ் எழுத்துகளும்

மெயினுக்குள் உள்ள ஜாவா கோப்புறையில் வலது சொடுக்கி, புதிய பேக்கேஜ் ஒன்றையும் அதற்குள் "லெட்டர்கவுண்டர்" என்ற கிளாஸையும் உருவாக்குங்கள். ஜாவா தொடக்கம் முதலே யூனிகோடை ஏற்றுக்கொண்ட மொழி என்பதால் கிளாஸுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைத்தாலும் அது தொகுக்கப்படும். எனினும் கோப்பின் பெயரும் அதுவாகவே இருக்க வேண்டும் என்ற விதியால், அந்தப் பெயர் பல கருவிகளைக் கடந்து செல்ல வேண்டியிருக்கும். ஆகவே கிளாஸ் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து, தமிழைச் சரங்களுக்குள் (மேற்கோள் குறிகளுக்குள் எழுதும் உரை) தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

கிளாஸுக்குள் "மெயின்" என்று தட்டி டேப் விசையை அழுத்தினால் மெயின் மெத்தட் முழுவதும் விரியும். அதற்குள் "தமிழ்" என்ற சொல்லை ஒரு சரமாக வைத்து, அதன் "லெங்த்" மதிப்பை அச்சிடச் சொல்லுங்கள். வரியின் இடப்புறம் தெரியும் பச்சை முக்கோணத்தை அழுத்தினால் கீழே ரன் சாளரம் திறந்து 5 என்று காட்டும். த, மி, ழ் என மூன்று எழுத்துகள்தானே என்று தோன்றும். யூனிகோடில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ஜாவா ஐந்து என எண்ணுகிறது. நம் நிரல் செய்ய வேண்டியது, "கேரக்டர்.கெட்டைப்" மூலம் ஒவ்வொரு குறியீட்டின் வகையைக் கேட்டு, ஒட்டுக்குறிகளைத் தவிர்த்து மற்றவற்றை எண்ணுவது. அதை ஒரு ஸ்டாட்டிக் மெத்தடாக எழுதுங்கள்.

எடிட்டரில் தமிழ் அழகாகத் தெரியவில்லையென்றால், இயல்பாக வரும் ஜெட்பிரெயின்ஸ் மோனோ எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லை என்பதே காரணம். அமைப்புகளில் "எடிட்டர்", "ஃபான்ட்" பகுதியில் மாற்று எழுத்துருவாக விண்டோஸில் உள்ள நிர்மலா யூஐயைக் கொடுக்கலாம். விண்டோஸ் டெர்மினலில் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் வந்தால் "சிஎச்சிபி 65001" என்று கட்டளையிட்டுவிட்டு நிரலை இயக்குங்கள். ஜாவா 18 முதல் கோப்புகளுக்கான இயல்பான குறியாக்கம் எல்லா இயங்குதளங்களிலும் யுடிஎஃப்-8 ஆகிவிட்டது. ஆனால் திரைக்குச் செல்லும் வெளியீடு டெர்மினலின் குறியாக்கத்தையே பின்பற்றுகிறது. அதன்பின்னும் குறிகள் எழுத்தோடு இணையாமல் தள்ளித் தெரிந்தால் அது டெர்மினலின் குறை, நிரலின் பிழையன்று.

சோதனையும் டீபக்கரும்

பாம் கோப்பில் "டிபென்டன்சீஸ்" பகுதியை உருவாக்கி, ஜேயூனிட் ஜூப்பிட்டர் என்ற சோதனை நூலகத்தை "டெஸ்ட்" என்ற வரம்போடு சேர்த்து, மேவன் மாற்றங்களை ஏற்றுங்கள். பின்னர் கிளாஸ் பெயரின் மேல் கர்சரை வைத்து ஆல்ட், என்டர் விசைகளை அழுத்தி, வரும் பட்டியலில் "கிரியேட் டெஸ்ட்" என்பதைத் தேர்ந்தால், டெஸ்ட் கிளையில் உரிய கோப்பு தானே உருவாகும். "தமிழ்" என்பதற்கு 3, "அம்மா" என்பதற்கு 3, "எஃகு" என்பதற்கு 3 என்று மூன்று சோதனைகளை எழுதுங்கள். கடைசிச் சொல்லில் ஆய்தம் தனி எழுத்தாக எண்ணப்படுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

சோதனை தவறினால் அச்சிட்டுப் பார்ப்பதைவிட டீபக்கரை (நிரலை இடையில் நிறுத்தி ஆராய உதவும் கருவி) பழகுங்கள். சுழற்சிக்குள், எண்ணிக்கையை உயர்த்தலாமா என்று சரிபார்க்கும் வரியின் இடப்புற எண்ணின் மீது சொடுக்கினால் சிவப்புப் புள்ளி விழும். சோதனையை டீபக் முறையில் இயக்கினால் நிரல் அந்த வரியில் நிற்கும். எஃப்8 அழுத்த அழுத்த ஒவ்வொரு வரியாக நகரும். "தமிழ்" என்ற சொல்லுக்கு எண்ணிக்கை தகரத்தில் 1 ஆகி, மகரத்தில் 2 ஆகி, இகரக் குறியில் 2 ஆகவே நின்று, ழகரத்தில் 3 ஆகி, புள்ளியில் மாறாமல் முடிவதைக் கீழே மாறிகளின் பட்டியலில் கண்கூடாகக் காணலாம். இகரக் குறியில் எண்ணிக்கை கூடினால், ஒட்டுக்குறிகளில் ஒரு வகையை மட்டும் விலக்கிவிட்டு மற்றதை மறந்திருக்கிறீர்கள்: இகரக் குறி இடம் கொள்ளும் ஒட்டுக்குறி, புள்ளி இடம் கொள்ளாத ஒட்டுக்குறி, இரண்டையும் விலக்க வேண்டும்.

ஐடிஇக்கு வெளியே ஒரு முறை

பச்சை முக்கோணத்தை அழுத்தும்போது இன்டெல்லிஜே இயல்பாகத் தன் சொந்த முறையிலேயே தொகுக்கிறது, மேவனை அழைப்பதில்லை. எனவே ஐடிஇக்குள் வெற்றி பெறுவதை மட்டும் வைத்துப் பிராஜெக்ட் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வலப்புறமுள்ள மேவன் சாளரத்தில் "லைஃப்சைக்கிள்" பகுதியில் "கிளீன்", "பேக்கேஜ்" இரண்டையும் அடுத்தடுத்து இயக்குங்கள். சோதனைகள் ஓடி, டார்கெட் கோப்புறையில் ஒரு ஜார் கோப்பு (தொகுத்த நிரலின் பொதி) உருவாக வேண்டும். வெளியீட்டில் எத்தனை சோதனைகள் ஓடின என்பதையும் கவனியுங்கள். பழைய மேவனோடு வரும் ஷுவர்ஃபயர் என்ற சோதனை இயக்கும் இணைப்பு 2.22.0க்கு முந்தையதாக இருந்தால் ஜேயூனிட் ஜூப்பிட்டர் சோதனைகளை அது கண்டுகொள்ளாது. ஒரு சோதனைகூட ஓடாமலேயே வெற்றி என்று அறிவித்துவிடும். அப்போது பாம் கோப்பில் புதிய ஷுவர்ஃபயர் பதிப்பைக் குறிப்பிட வேண்டும்.

இனி கிட்டில் சேமிக்கலாம். பாம் கோப்பு, எஸ்ஆர்சி, கிட்இக்னோர் (கிட் எவற்றை விலக்க வேண்டும் என்ற பட்டியல்) ஆகிய மூன்றும் கட்டாயம் சேர வேண்டியவை. டார்கெட் ஒருபோதும் சேரக்கூடாது. கிட்இக்னோரில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ".ஐடியா" என்ற கோப்புறை உங்கள் ஐடிஇயின் விருப்பங்களைக் கொண்டது, தனியாகக் கற்கும்போது அதையும் விலக்கிவிடுவதே எளிது.

கமிட் செய்தபின் (மாற்றங்களைப் பதிவிட்டபின்), கணினியில் வேறொரு கோப்புறையில் அதே ரெபாசிட்டரியைக் குளோன் செய்து (நகலெடுத்து), இன்டெல்லிஜேயில் "ஓப்பன்" மூலம் அங்குள்ள பாம் கோப்பைத் தேர்ந்து, பிராஜெக்டாகத் திறக்கச் சொல்லுங்கள். எதையும் கையால் மாற்றாமல் பேக்கேஜ் கட்டளை வெற்றி பெற்று மூன்று சோதனைகளும் ஓடினால், நண்பருடைய கணினியிலும் அது இயங்குவதற்குத் தேவையானவை ஜேடிகே 21ம், மேவனும் (அல்லது மேவனை உள்ளடக்கிய ஐடிஇயும்), இணைய இணைப்பும் மட்டுமே. தவறினால், விடுபட்டது பெரும்பாலும் கமிட்டில் சேராத ஒரு கோப்பாகவோ, பாமில் எழுதாமல் ஐடிஇயின் பிராஜெக்ட் ஸ்ட்ரக்சரில் கையால் சேர்த்த ஒரு நூலகமாகவோ இருக்கும்; முதலாவதை "கிட் ஸ்டேட்டஸ்" கட்டளை காட்டிக்கொடுக்கும், இரண்டாவதை மேவன் வெளியீட்டில் "பேக்கேஜ் டஸ் நாட் எக்ஸிஸ்ட்" என்று முடியும் வரியிலிருந்து கண்டுபிடிக்கலாம்.